ஐந்தரைக் கட்டை

கொக்கட்டிச்சோலை
08.01.2025

அன்புள்ள தங்கச்சி கஜானிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் திவாகரனும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கை வலி மாறிவிட்டதா? மாறாவிட்டால் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரிய சட்டி தூக்குவதை வேறு யாருக்காவது விடு. நோர்வேயில் சட்டி தூக்க வேறு ஆளே இல்லையா?

கடிதத்தைக் கண்டு பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்பிளாந்துறைப் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடக்கும்போது என் ஃபோன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. பாதைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது இனி மீனோட கதைச்சிக்கிட்டு இரிக்கும் கா" என்றார். எனக்கும் அந்தச் சனியன் இல்லாமல் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இனிக் கடிதம் எழுதுவோம். உனக்கும் தமிழ் எழுத்து மறக்காது.

அப்பாவுக்குத்தான் காது மந்தமாகிவிட்டது. "நீ கதைக்கிறது பஞ்சுக்குள்ளால வாற மாதிரி இரிக்கு மகள்" என்கிறார். மற்றபடி சாப்பாட்டில் குறையில்லை. வெள்ளத்தில் எங்கள் வயல்வட்டையில் பாதி வேளாண்மை அழுகிப்போயிற்று. மிச்சம் கதிர் வைத்திருக்கிறது.

வவுணதீவுப் பாட்டு வகுப்பு நடக்கிறது. பெண்கள் வயலில் நின்று வந்து, கால் கழுவிய ஈரத்தோடு பாய்க்கு வருகிறார்கள். வைகாசிக்கு வருகிறேன் என்று தீபாவளியன்று நீ சொன்னதைக் கோயில் தலைவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அம்மன் கதவு திறந்ததும் அக்காவும் தங்கச்சியும் முன்றலில் பாடுகிறார்கள் என்று மனிதர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். பதினொரு வருடத்துக்குப் பிறகு நாம் ஒரே மேடையில். ஊரை எரித்துவிட்டு வந்த அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்குக்குப் புதிதாக ஒரு பாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

நீ பாட்டுச் சாதகத்தை விட்டுவிடாதே. நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான். காலையில் வெந்நீர் குடி, தொண்டையைக் கவனி.

அன்புடன்
அக்கா கண்ணகை


கொக்கட்டிச்சோலை
10.01.2025

யூஸ்டஸ் அண்ணனுக்கு,

வீட்டில் கெரன் அக்காவின் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைத் தனுஷியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் வகுப்பில் எனக்கு இப்போது வாய் மாதிரி. நான் ஹார்மோனியத்தில் காட்டுவதை அவள்தான் மற்றப் பெண்களுக்குப் பாடிக் காட்டுகிறாள்.

நேற்று வாசலில் நின்று, டொக்டர் என்ன சொன்னார் என்று கையால் சாடை காட்டிக் கேட்டீர்கள். பதில் சொல்லக் குரலில்லை. கிசுகிசுக்கலாம் என்றால் அப்பா பக்கத்தில் நின்றார். குரல்நாணில் இரத்தம் கசிந்து, அது சரியாக ஆறாமல் தழும்பாகிவிட்டதாம். கொழும்பில் ஒரு பெரிய டொக்டரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் தந்தார். பேச்சு கொஞ்சம் திரும்பலாம் என்றார். பாட்டு திரும்புமா என்று தாளில் எழுதி நீட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

உயரப் பாடாதே என்று அவர் போன வருடமே சொன்னவர்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தீபாவளிக்குக் கஜானி வாறன் என்றாளே, அன்று இரவே சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்துச் சாதகத்துக்கு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஐந்தரைக்குக் கீழே இறங்காது. எனக்கு நாலரைதான் வீடு, ஐந்தரை ஏணி என்பது உங்களுக்குத் தெரியும். சேர்ந்து பாடுவதென்றால் யாராவது ஒருத்தி இடம் மாறத்தானே வேண்டும்? அவள் சின்னவள்.

உங்கள் புளோறன்ஸ் மாமி தேவாலயத்தில் வாசித்த ஹார்மோனியத்தை அப்பா வாங்கி வந்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. நாலரைக் கட்டையில் வெள்ளைப் பெயின்டால் எனக்கு ஒரு பொட்டு வைத்தார். கஜானி பாடத் தொடங்கியதும் ஐந்தரையில் இன்னொன்று வைத்தார். இரண்டு பொட்டு இருந்தால் தனக்குச் சுருதி பிழைக்கிறது என்று அவள் என் பொட்டை நகத்தால் சுரண்டினாள். சின்னப் பிள்ளை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். வயிற்றில் வந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து இரண்டு வருடமாகப் பாட வாய் திறக்காதவள். இந்தக் கச்சேரியை நினைத்துத்தான் மறுபடி பாடத் தொடங்கியிருக்கிறாள். இது தெரிந்தால் அவளும் நிறுத்திவிடுவாள். பிறகு இரண்டு பேரும் இல்லை. என் ஃபோன் வாவியில் இல்லை, அலுமாரியில் சேலைக்கடியில் கிடக்கிறது. அவள் உங்களுக்கு எடுத்தால் எதையாவது சொல்லிச் சமாளியுங்கள்.

அப்பா தன் காது போய்விட்டது என்று நம்புகிறார். மற்றவர்கள் சத்தம் போட்டுக் கதைப்பதால்தான் தனக்குக் கேட்கிறது என்கிறார். காதுக்கு எண்ணெய் விடுகிறார். நானும் விட்டுக் கொடுக்கிறேன்.

கண்ணகை


மட்டக்களப்பு
16.01.2025

தங்கச்சி கண்ணகைக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். கெரனின் இருமல் எனக்குத் தொற்றியிருக்கிறது. நான் வயலின் வில் பிடிக்கிறவன், பேனா பிடித்துப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ செய்வது சரியில்லை கா. உங்கள் இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக வயலினை ஐந்தரைக்கு முறுக்கியவன் நான். வானொலியில் முதல் முதல் பாடின அன்றே, நாலரைக்கு இறக்குவோமா என்று உன்னைக் கேட்டேன். "ஒண்ணா அண்ணன், நீங்க முறுக்குங்க" என்றாய். சரி, அவள் இருக்கும்வரை அவளுக்காகப் பாடினாய். அவள் போன பிறகாவது இறக்கியிருக்கலாமே? அப்போதும் கேட்டேன். நாலரையில் பாடினால் தங்கச்சி திரும்பி வரும்போது எங்கே உட்காருவாள் என்று என்னையே திருப்பிக் கேட்டாய். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அன்றே கெரனிடம் சொன்னேன்.

நீ பாட்டெழுதுகிறாய், மெட்டுப் போடுகிறாய், வாகரையிலிருந்து வவுணதீவு வரை போய்ச் சொல்லிக் கொடுத்தாய். அதெல்லாம் இன்னும் உன்னிடம் இருக்கிறதுதான். ஆனால் உன் குரலைக் கேட்டவனுக்கு அது ஆறுதல் இல்லை. உனக்கு மட்டும் எப்படி இருக்கும்?

கொழும்புக்கு நானும் வருகிறேன். தனியே போகாதே. கஜானி எடுத்தால் உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் மாதிரி வாயை மூடிக்கொள்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. எனக்குப் பொய் சொல்ல வராது, வாசிக்கத்தான் வரும்.

யூஸ்டஸ்


பேர்கன்
11.02.2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம், திவாகரன் சுகம், முழங்கை மட்டும் சுகமில்லை. அப்பாவின் காதை டொக்டரிடம் காட்டினீர்களா? எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

உலகம் எங்கேயோ போய்விட்டது, என் அக்கா மட்டும் முத்திரை ஒட்டுகிறா. இன்னொரு ஃபோன் வாங்கினால் என்ன? யூஸ்டஸ் அண்ணனுக்கு எடுத்தேன். நான் அக்கா என்று தொடங்கினதும், "அடுப்பில பால் பொங்குது" என்று வைத்துவிட்டார். அவர் எந்தக் காலத்தில் அடுப்படிக்குப் போனார்?

சரி, சந்தோசமான செய்தி. தினமும் பாடுகிறேன் அக்கா. வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டுகிறான். அதனால் கீழே உடுப்புக் கழுவும் அறைக்குப் போய், இயந்திரங்களைச் சுற்றவிட்டுப் பாடுகிறேன். ஒரு நாள் மேல்மாடிக் கிழவி இறங்கி வந்து யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டாள். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நானே சிரித்தேன். பிள்ளை போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். திவாகரன் மேலே நின்று அதைக் கேட்டுவிட்டு அழுதாராம்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கச்சேரி ஒன்றுதான் என்னை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. வைகாசி நடுவில் விமானத்துக்கு இடம் போட்டாயிற்று. ஒன்று மட்டும் மாற்ற வேண்டாம், ஐந்தரைதான். எனக்கு அதற்குக் கீழே போனால் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். உங்களுக்கென்ன, நீங்கள் எந்தக் கட்டையில் வைத்தாலும் பாடுவீர்கள்.

புதுப் பாட்டை உடனே அனுப்புங்கள். யாருடைய ஃபோனிலாவது பாடி அனுப்புங்கள். உங்கள் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிறது.

உங்கள்
கஜானி


கொக்கட்டிச்சோலை
04.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது. நீ சிரித்த செய்தியை அப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

பாட்டு இத்துடன் இருக்கிறது. ஆனந்தபைரவி. ஸ்வரங்களை ஒவ்வொரு வரிக்கும் மேலே எழுதியிருக்கிறேன். பாடி அனுப்பச் சொன்னாய். வேண்டாம். நான் பாடி அனுப்பினால் நீ என்னைப் போலவே பாடுவாய். தாளைப் பார்த்து உன் மனதுக்குப் பட்டபடி பாடு.

ஊரெரித்த கையாலே ஒருகை நீர் அள்ளம்மா
வேரெரிந்த பயிருக்கு விரல்நனைத்துத் தெளியம்மா

'அள்ளம்மா'வில் மேலே போய் நிற்காதே, தொட்டுவிட்டு இறங்கு. கேட்பவருக்குத் தண்ணீர் கையிலிருந்து வழிவது தெரிய வேண்டும். இரண்டாவது வரியை நீயே எடு. என் பங்கை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் கொழும்புக்குப் போய் வந்தேன், யூஸ்டஸ் அண்ணன் துணைக்கு வந்தார். பாடத்திட்ட விசயமாக ஒரு பெரியவரைச் சந்திக்க வேண்டியிருந்தது. போன காரியம் சரிவரவில்லை. ரயிலில்தான் திரும்பினோம். வெலிக்கந்தை தாண்டியபோது, பசிக்கிறதா என்று அண்ணன் கேட்டார்.

பனி குறையும்வரை வெளியில் பாடாதே. வெந்நீர் குடி.

அக்கா


மட்டக்களப்பு
02.04.2025

கண்ணகை தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் அப்பாவும் நீயும் சுகமாக இருக்க மன்றாடுகிறோம்.

நான் ஒரு வேலை செய்துவிட்டேன். நீ கோபப்படுவாய். கஜானி நேற்று எடுத்தாள். பால் பொங்குகிறது என்றேன், பொங்கட்டும் என்றாள். அக்காவின் குரலை ஒரு வரியாவது அனுப்புங்கள் அண்ணன் என்று பிள்ளை அழுதுவிட்டாள். என்னால் தாங்க முடியவில்லை. போன கிழமை உன் வகுப்பில் அந்தப் பெண்கள் புதுப் பாட்டைப் பாட, நான் வாசித்தேனே, அதை என் ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பினேன். தனுஷியாவின் குரலும் மற்றவர்களின் குரலும் நல்லாக இருக்கிறது. உன் கைத்தாளம் கேட்கிறது. அனுப்பிய பிறகுதான் யோசித்தேன், உன் குரல் மட்டும் அதில் இல்லை என்பதை அவள் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று.

நீயே முந்திச் சொல்லிவிடு கா.

யூஸ்டஸ்


பேர்கன்
14.04.2025

அக்கா,

புத்தாண்டு அன்று சண்டை பிடிக்கக் கூடாது என்பார்கள். பிடிக்கிறேன்.

யூஸ்டஸ் அண்ணன் அனுப்பியதைக் கேட்டேன். எத்தனை தரம் என்று தெரியாது. யார் யாரோ பாடுகிறார்கள். வயலின் கேட்கிறது. உங்கள் கைத்தாளமும் கேட்கிறது, அந்தக் கையை எனக்குத் தெரியாதா? ஆனால் நீங்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை. வகுப்பில் ரீச்சர் வாயை மூடிக்கொண்டு இருப்பாவா? அத்தோடு சுருதி நாலரையில் நிற்கிறது. எனக்கு எழுதிய பாட்டு, எனக்கு எட்டாத இடத்தில்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஃபோன் இல்லை, பாடி அனுப்ப மாட்டீர்கள், உங்கள் பங்கை வந்த பிறகு பார்ப்போம் என்கிறீர்கள். என்னோடு பாட உங்களுக்கு விருப்பமில்லை. நான் கலியாணம் செய்து போனபோது நம் பெயரில் ஒத்துக்கொண்டிருந்த கச்சேரியெல்லாம் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டி கட்டித் தந்தீர்கள். அந்தக் கோபம் இப்போது வருகிறதாக்கும். நேரே சொல்லியிருக்கலாமே! கோயில் தலைவருக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இப்படியா செய்வது?

பயணத்தை ரத்துச் செய்துவிட்டேன். உடுப்புக் கழுவும் அறைக்கும் இனிப் போகவில்லை.

கஜானி


கொக்கட்டிச்சோலை
05.05.2025

என் கிளிக்கு,

நீ எழுதியதை வாசித்தேன். அப்பா சுகம். உனக்கும் திவாகரனுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது.

உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. எனக்குக் குரல் போய்விட்டது கஜானி. மார்கழியில் வெள்ளத்தோடு வந்த காய்ச்சலில் இருமி இருமித் தொண்டை கெட்டுவிட்டது. கிசுகிசுத்துப் பேசுகிறேன், அவ்வளவுதான். கொழும்பில் பார்த்ததும் டொக்டரைத்தான். பாட்டு இனி இல்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அப்பாவின் காதில் ஒரு பழுதும் இல்லை. நான்தான் அவருக்குக் கேட்காமல் போய்விட்டேன். ஃபோனும் வீட்டில்தான் இருக்கிறது.

உன்னிடம் மறைத்தது பிழைதான். சொன்னால் நீயும் வாயை மூடிவிடுவாய் என்று பயந்தேன். பெண்கள் நாலரையில் பாடுவது அவர்களுக்கு அது சுகம் என்பதால்தான். வேறொரு காரணமும் இல்லை.

முடிந்தால் வா. நீ தனியாகப் பாடு, நான் பக்கத்தில் இருந்து தாளம் போடுகிறேன். வர முடியாவிட்டால் அந்த அறைக்காவது போ. எனக்கு வேண்டியது நீ பாடுவது. அதைத் தவிர எனக்கு இப்போது வேறு ஆசை இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

வெந்நீர் குடி.

அக்கா


கொக்கட்டிச்சோலை
14.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பதிலைக் காணவில்லை. சுகமாக இருக்கிறாய் என்று திவாகரன் யூஸ்டஸ் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார், அது போதும்.

சடங்கு முடிந்து அம்மன் கதவு அடைத்தாயிற்று. இனி அடுத்த வைகாசிக்குத்தான் திறக்கும். நடந்ததை நீ யார் யாரிடமோ கேட்பதைவிட நானே எழுதுகிறேன்.

புதுப் பாட்டைப் பாடவில்லை. தனுஷியா சேலை உடுத்து வந்து மேடைக்குப் பின்னால் நின்றாள். மற்றவர்களும் வந்தார்கள். ஏறும் நேரம் வந்ததும், "நீங்க வாய் திறக்காம எங்களுக்கு ஏலா ரீச்சர், எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க" என்று அழுதாள். யூஸ்டஸ் அண்ணன் வயலினைச் சுருதி சேர்த்தபடி காத்திருந்தார். சனம் கூடிவிட்டது. கோயில் தலைவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒலிபெருக்கிக்காரரிடம் நம் பழைய ஒலிப்பதிவைப் போடச் சொல்லிவிட்டார். நீ போவதற்கு முதல் வருடம் கல்லடியில் பாடியது. ஐந்தரையில்.

வட்டை முழுக்கக் கேட்டது. நான் அப்பாவோடு ஆலமரத்துக்குக் கீழே இருந்தேன். அப்பா திடீரென்று எழும்பினார். "எனக்குக் காது கேக்குது மகள்! ஒவ்வொரு சொல்லும் கேக்குது! அம்மாளே!" என்று கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அம்மன் காது தந்துவிட்டா என்று சிலர் அவரோடு சேர்ந்து கும்பிட்டார்கள். மறுகா என் பக்கம் திரும்பி, "நீ என்னவும் சொல்லு, பாப்பம்" என்றார்.

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஒலிபெருக்கியில் நான் பாடிக்கொண்டிருக்கிறேன். "அப்ப உனக்குத்தான் என்னவோ நடந்திரிக்கு" என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை, நான் பதில் சொல்லத் தேவையில்லாதபடி பார்த்துக்கொள்கிறார். எண்ணெய்க் குப்பியைக் கூரைக்குள் செருகிவிட்டார்.

வகுப்பும் நின்றுவிட்டது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. வயல் வேலை என்றார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். பாடாத ரீச்சரிடம் எத்தனை நாளைக்குப் பாட்டுப் படிப்பது? தனுஷியா மட்டும் ஒரு நாள் வந்து மரவள்ளிக்கிழங்கு தந்துவிட்டுப் போனாள்.

நீ பாடுகிறாயா? ஒரு வரி எழுது. முழங்கையைக் கவனி. வெந்நீரை மறக்காதே.

அக்கா


பேர்கன்
20.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் உடம்பும் அப்பாவின் உடம்பும் எப்படி? இதைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மே மாதம் நீங்கள் எழுதியது வந்து சேர்ந்தபோது நான் வந்திருக்க வேண்டிய விமானம் போய்விட்டது. பதில் எழுத உட்காருவேன், என் புத்தாண்டுக் கடிதம் நினைவுக்கு வரும், எழும்பிவிடுவேன்.

கோயிலில் போட்ட ஒலிப்பதிவை யூஸ்டஸ் அண்ணன் அனுப்பினார். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைக் காதில் வைத்துக் கேட்டேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு உங்கள் குரல். முதலில் அழுதேன். பிறகு வேறொன்று கேட்டது. மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் முன்பு ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒரு மூச்சு கூடுதலாக எடுக்கிறீர்கள். பாரம் தூக்கப் போகிறவர் எடுக்கும் மூச்சு. எனக்கு அந்த மூச்சைத் தெரியும், சட்டி தூக்கும்போது நானும் எடுக்கிறேன். ஒட்டி உட்கார்ந்து பாடிய நான் அதை ஒரு நாளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் எடுத்ததை மறுபடி போட்டேன். நாலரை. உடனே எனக்கு நம் ஹார்மோனியம் நினைவுக்கு வந்தது. நாலரையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. நான் சுரண்டினேன். நகத்துக்குள் பெயின்ட் ஏறி அம்மா ஊசியால் எடுத்துவிட்டா. அது யாருடைய பொட்டு அக்கா?

உங்கள் கட்டை எது?

யூஸ்டஸ் அண்ணனைக் கேட்டேன். "அத நீ கண்ணகையிட்டக் கேள்" என்றார். நேற்றுக் கீழே அந்த அறைக்குப் போனேன். சுருதியை ஐந்தரையில் வைத்து வாயைத் திறந்தேன். அணைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்கும் ஐந்தரைதான் என்றால் நான் பாடுகிறேன், தினமும் பாடுகிறேன். நாலரை என்றால், நான் பாடின ஒவ்வொரு பாட்டும் உங்கள் தொண்டையைத் தின்றிருக்கிறது. பிறகு நான் எந்த வாயால் பாடுவது? உண்மையைச் சொல்லுங்கள்.

கஜானி


கொக்கட்டிச்சோலை
11.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, வீடு முழுக்கப் புழுதி. திவாகரனுக்கும் என் அன்பைச் சொல்லு.

இதற்கா இவ்வளவு யோசித்தாய்? என் கட்டை ஐந்தரை. உன்னுடையதேதான் என்னுடையதும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே சுருதி வாய்ப்பதில் என்ன அதிசயம்? அப்படி இருந்ததால்தானே நாம் சேர்ந்து பாடினோம்.

அந்தப் பொட்டு என்னுடையதல்ல. ஹார்மோனியம் யூஸ்டஸ் அண்ணனின் புளோறன்ஸ் மாமியிடமிருந்து வந்தது உனக்குத் தெரியும். அவ தேவாலயத்தில் வாசித்த காலத்தில் வைத்த பொட்டு அது. நீ சுரண்டியது நல்ல வேலை, எனக்கும் அது குழப்பமாகத்தான் இருந்தது. மூச்சு என்கிறாயே, கல்லடிக் கச்சேரியன்று எனக்கு மூக்கடைப்பு. நீதான் இஞ்சி இடித்துத் தந்தாய், மறந்துவிட்டாயா? குரல் போனது காய்ச்சலால். வேறு எதையும் தலைக்குள் போட்டுக்கொள்ளாதே.

ஆகவே நீ சொன்ன சொல்லைக் காப்பாற்று. இன்றே கீழே போ. அந்தப் பாட்டை இதுவரை யாரும் சனத்துக்கு முன்னால் பாடவில்லை. நீ பாடி யூஸ்டஸ் அண்ணனுக்கு அனுப்பு, அவர் கொண்டுவந்து போடுவார். அப்பாவுக்கு நன்றாகக் காது கேட்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து கேட்போம்.

காலையில் வெந்நீர் குடி. தொண்டையைக் கவனி.

என்றும் உன்
அக்கா


பேர்கன்
19.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. திவாகரன் சுகம். முழங்கைக்கு ஊசி போட்டார்கள், பரவாயில்லை.

உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிறது. முதலில் வாசித்ததும் சந்தோசப்பட்டேன். திவாகரனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அன்று பின்னேரம் அந்த அறைக்கும் போனேன், இரண்டு வரி பாடினேன்.

பிறகு வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும்போது யோசித்தேன். புளோறன்ஸ் மாமி பாடினவ இல்லை அக்கா. தேவாலயத்தில் மற்றவர்கள் பாட வாசித்தவ. வாசிக்கிறவருக்கு எல்லாக் கட்டையும் ஒன்றுதான். பொட்டு வைப்பது பாடுகிறவருக்கு.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. நான் கேட்கவில்லை. பாட்டெழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கீழே அந்த அறைக்கு இப்போது போவதில்லை.

அப்பாவுக்கு என் அன்பு. அடிக்கடி எழுதுங்கள், மழை, வயல், ஊர்ப் புதினம் எல்லாம் எழுதுங்கள். வெந்நீர் குடிக்கச் சொல்லி மட்டும் இனி எழுத வேண்டாம்.

கஜானி